ஊதாத டப்பா

காலை ஆறு மணிக்கே வரிசை கொட்டகை வாசலில் கிளம்பி, தெருமுனை வரை போய், திரும்பி, மறுபடியும் வாசலுக்கே வந்துவிட்டது. கடைசி ஆள் கையை நீட்டினால் முதல் ஆளின் முதுகைச் சொறிந்துவிடலாம். மூட்டை தூக்குகிறவர்கள், டயர் கடைக்காரர்கள், காவலாளிகள், கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமாகாத மாப்பிள்ளைகள் என்று எல்லோரும் நின்றார்கள். எல்லோர் நெஞ்சோடும் ஆளுக்கொரு தகர டப்பா, பச்சைக் குழந்தையை அணைத்துக்கொண்ட மாதிரி.

உள்ளே மூச்சையா உட்கார்ந்திருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ. ஊர் வைத்த பெயர் மூச்சையா. முன்னொரு காலத்தில் பாரம் ஏற்றிய வண்டியை ஒற்றைக் கையால் தூக்கிய மல்லன் ஒருவன் இருந்தானாம். அவன் சாகும்போது விட்ட கடைசி மூச்சை அவனுடைய சீடன் வாயோடு வாய் வைத்துப் பிடித்துக்கொண்டானாம். அவனிடமிருந்து அவன் சீடன், அப்படியே ஏழு தலைமுறை. இப்போது அந்த மூச்சு இவருடைய நெஞ்சுக்குள் இருக்கிறதாம். ஏழு தலைமுறை மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு அவர் எப்படித் தும்முகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

முறை எளிது. வாசல் கடையில் டப்பா வாங்க வேண்டும். உள்ளே வெள்ளைப் பொடி. வரிசையில் நின்று மூடியைத் திறந்து நீட்டினால் மூச்சையா மூன்று முறை ஊதுவார். தினமும் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து குடித்தால், நாற்பது நாளில் புஜம் பெருத்துச் சட்டைக் கை கிழியும். கடை மேல் ஒரு பலகை தொங்கியது: ‘மூச்சு இலவசம். விலை டப்பாவுக்கு மட்டும்.’ தாராள மனசு என்றால் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், சட்டைக் கை நிஜமாகவே கிழிந்தது.

வெறும் பொய்யாக இருந்திருந்தால் ஊர் பத்து நாளில் துப்பிவிட்டுப் போயிருக்கும். இது பலித்தது. ஈர்க்குச்சி என்று பெயரெடுத்தவர்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். “பலிக்குதுல்ல? அப்புறம் என்னய்யா கேள்வி” என்பதுதான் அந்தக் கொட்டகையின் வேதம். மூச்சையாவின் சொந்தக் கைகள் மட்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. கேட்டால், “இருக்கிறதை எல்லாம் உங்களுக்கே ஊதிக் கொடுத்துட்டேனே” என்பார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

பலகைக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள். ‘முன்பு’ என்ற படத்தில் ஒரு கம்பிக்கு யாரோ சட்டை போட்டிருந்தார்கள். ‘பின்பு’ என்ற படத்தில் அதே முகம், கழுத்து மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் குஞ்சு பொரிப்பகத்தில் தீவன மூட்டை ஏற்றுகிறவன். அவன் மனைவியும் அதே இடத்தில்தான் வேலை செய்தாள். நம் கதை அவளுடையது.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முட்டையிலிருந்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சை இடது உள்ளங்கையில் எடுப்பாள். கட்டை விரலால் வயிற்றை லேசாக அழுத்துவாள். எச்சம் வெளியேறியதும் விளக்கடியில் அந்த இடத்தை விரித்துப் பார்ப்பாள். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு தெரிந்தால் சேவல், இடது பெட்டி. இல்லையென்றால் பெட்டை, வலது பெட்டி. ஒரு குஞ்சுக்கு நாலு நொடி. முட்டைப் பண்ணைக்காரர்களுக்குச் சேவல் வேண்டாம், ஆகவே அவள் கண்ணை நம்பித்தான் அந்தப் பொரிப்பகமே ஓடியது. நூறில் ஒன்று தப்புவதே அபூர்வம்.

பெட்டையைப் பேச்சில் பொட்டை என்பார்கள். அவள் கண்ணுக்கு எந்தப் பொட்டையும் தப்பாது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் ‘பொட்டைக்கண்ணு’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். பொட்டைக்கண் என்றால் குருட்டுக்கண் என்றும் அர்த்தம் உண்டு. பத்து வருஷமாக அந்த அர்த்தம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை வரை.

அன்று முட்டைப் பண்ணைக்காரர் முதலாளியின் மேசை மேல் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு மாதக் கோழி. தலையில் பெரிய செங்கொண்டை. கூடையைத் திறந்ததும் அது கழுத்தை நீட்டி, யாரும் கேட்காமலே, கூவிக் காட்டியது.

“பொட்டைக் குஞ்சுன்னு காசு வாங்குனீங்களே, இதான் பொட்டையா? ஒரு கொட்டகை முழுக்க இப்படித்தான். விடியக்காலையில தூங்க முடியல. இருநூறு அலாரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

முதலாளி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பெரிய வாடிக்கைக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நல்ல மனிதராக இருப்பது கஷ்டம்.

“என்னம்மா, பேரு நிஜமாவே பொருத்தமாயிடுச்சா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பத்து வருஷப் பட்டம் ஒரே நொடியில் புரண்டு படுத்தது.

அவள் கோழியைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு எலும்பைத் தடவினாள். “இது பொட்டைதாங்க.”

“கூவுதேம்மா.”

“கூவுனாலும் பொட்டைதாங்க.”

“அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டயம் தரேன். நிரூபிச்சுக் காட்டு. இல்லன்னா அந்த மேசைக்கு வேற கண்ணைத்தான் தேடணும்.”

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் கண்ணாடி முன் நின்று புஜத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். முதுகெல்லாம் பரு, முன்நெற்றி ஏறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அவள் முகம் வாடினால் காரணம் கேட்பவன், இப்போது கதவு லேசாக இடித்தால் கதவோடு சண்டை போடுவான்.

“கண்ணுதானே மங்கிடுச்சு? மூச்சையாகிட்ட ஊதிக்கிட்டு வா. எல்லாம் தெளிஞ்சிடும்.”

“அவரு கைக்குத்தானே ஊதுவாரு?”

“மூச்சுக்குக் கையாவது கண்ணாவது. போனா போகட்டும், என் பேரைச் சொல்லு. பலகையில இருக்கிறவன் பொண்டாட்டின்னா முன்னாடி விடுவாங்க.”

அவள் மூச்சையாவிடம் போகவில்லை. பஸ் ஏறி முட்டைப் பண்ணைக்குப் போனாள். அங்கே இரண்டு கொட்டகைகள். முதல் கொட்டகையில் காது கிழியக் கூவல். இரண்டாவது கொட்டகையில் சமர்த்தாகக் கொக்கரிப்பு மட்டும், கொண்டைகளும் சின்னவை.

“அண்ணே, இந்தக் கோழி எங்கே வாங்குனது?”

“ரெண்டும் உங்க இடந்தான். ஒரே நாளு, ஒரே வண்டி.”

“அப்போ என் கண்ணு ஒரு கொட்டகைக்கு மட்டுமா பொட்டையாச்சு?”

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். பதில் முதல் கொட்டகையின் தீவனத் தொட்டி ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தது. காலித் தகர டப்பாக்கள்.

“அது ஒண்ணுமில்லம்மா,” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. “மனுஷனுக்கே இவ்வளவு பலம் வருதே, கோழிக்குப் போட்டா முட்டை நல்லா வருமேன்னு மூச்சையா பொடியைக் கலந்தேன். ரெண்டாவது கொட்டகைக்கு வர்றதுக்குள்ள டப்பா தீந்துபோச்சு.”

“யாருகிட்டயும் சொல்லலையே அண்ணே?”

“பக்தியை வெளிய சொல்லலாமா?”

அவள் ஒரு காலி டப்பாவை விரலால் வழித்து, ஒட்டியிருந்த பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

புதன்கிழமைதோறும் பொரிப்பகத்துக்கு வரும் கோழி டாக்டரம்மாவிடம் அதைக் கொடுத்தாள். அவர் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அடுத்த புதன்கிழமை வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“பாதி பால்பவுடர். மீதி அரைச்ச மாத்திரை. ஆண் ஹார்மோன். ஆண்ட்ரஜன்னு சொல்லுவோம். உங்க ஊரு வீரம் எல்லாம் மருந்துக் கடைச் சரக்கு.”

“பொடியில சதை எப்படிங்க வளரும்? மூட்டை தூக்குனாத்தானே வளரும்?”

“தூக்கினாலும் வளரும். இது குறுக்கு வழி. நீ உக்கார்ற மேசையையே எடுத்துக்கோ. தசை ஒவ்வொண்ணுக்குள்ளயும் அது மாதிரி லட்சம் லட்சமா குட்டி மேசை இருக்கு. ரைபோசோம்னு பேரு.”

“யாரு அது, புது சாமியாரா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “சாமியார் இல்ல, நிஜமாவே வேலை செய்யிறது. ஆபீஸ் ரூமிலிருந்து சீட்டு வரும். சீட்டுல எழுதியிருக்கிற வரிசைப்படி, சாப்பாட்டுலருந்து கிடைச்ச துண்டுகளைக் கோத்துக் கோத்துப் புரதம் கட்டிக் கொடுக்கணும். அதுதான் மேசையோட வேலை. ஆண் ஹார்மோன் உள்ள போனா நேரா ஆபீஸ் ரூமுக்குப் போய் உக்காந்துக்கும். சீட்டு மேல சீட்டா அடிக்கச் சொல்லும். இருக்கிற மேசை எல்லாம் வேகமா ஓடும். அதுவும் பத்தாதுன்னு புதுசா மேசை போடச் சொல்லும். மேசை கூடினா புரதம் கூடும். புரதம் கூடினா புஜம் பெருக்கும்.”

“மூச்சு?”

“மூச்சுக்கு அந்த ஆபீஸ்ல நாற்காலியே கிடையாது.”

“கோழி கூவுறது?”

“அதே ஹார்மோன்தான் கொண்டைக்கும் குரலுக்கும் சீட்டு அனுப்புது. ஒரு காலத்துல ஒரு மருந்துல இந்தச் சரக்கு இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க, காயடிச்ச சேவலுக்குக் கொடுத்து அதோட கொண்டையைத்தான் அளந்தாங்க.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இது உடம்புலயே சுரக்கிறதுதானே? கொஞ்சம் கூடக் குடிச்சா என்ன கெட்டுப்போச்சு?”

“வெளியிலருந்து ஒரு மேனேஜர் வந்து கத்த ஆரம்பிச்சா, உள்ளூர் மேனேஜர் என்ன பண்ணுவாரு?”

“காலை நீட்டித் தூங்குவாரு.”

“தூங்கித் தூங்கிச் சுருங்கியும் போயிடுவாரு. குழந்தை குட்டி வேணும்னா அவருதான் எழுந்திருக்கணும். ஈரல், நெஞ்சு எல்லாத்துக்கும் கேடு. உன் வீட்டுக்காரரைச் சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டு. என்கிட்ட இல்ல, நான் கோழி டாக்டர்.”

உள்ளூர் மேனேஜரின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரிய வீடு வரை நடக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் நடுத்தெருவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா கொடுத்த சோதனைக்கூடக் காகிதத்தை அன்றைக்கே முதலாளியிடம் காட்டியிருக்கலாம். அவள் அவசரப்படவில்லை. காகிதத்தை மூச்சையா ஊதித் தள்ளிவிடுவார், ‘என் மூச்சு பட்டதால்தான் பால்பவுடர் மருந்தாச்சு’ என்பார், கூட்டம் கைதட்டும். மூச்சு தனியாக, பொடி தனியாகப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதுதானே அவள் தொழில்.

மறுநாள் வாசல் கடையில் ஒரு புது டப்பா வாங்கினாள். வாங்கியவள் வரிசையில் நிற்காமல் அதைப் பைக்குள் போட்டு மூடிவிட்டாள். பிறகு வீட்டில் கிடந்த பழைய டப்பாவில் மைதா மாவை நிரப்பிக்கொண்டு வந்து நின்றாள். மூன்று மணி நேரம். முன்னால் நின்ற காவலாளி தன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். “வேணாங்கண்ணே, நான் குஞ்சு மட்டும்தான் தொட்டுப் பார்க்கிறவ” என்றாள்.

மூச்சையா மைதாவைப் பார்த்தார். கண்ணை மூடினார். மூன்று முறை ஊதினார். கொஞ்சம் மாவு அவர் மீசையிலேயே உட்கார்ந்தது.

“உள்ளே சக்தி கொதிக்குது. தெரியுதாம்மா?”

“தெரியுதுங்க. டப்பா சுடுது.”

“பக்குவம் வந்த ஆளு நீ” என்று பாராட்டினார்.

அடுத்த நாள் முதலாளியின் கண் முன்னால் இருபது பெட்டைக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்தாள். “நீங்களே கண்ணை மூடிட்டு, பத்துப் பத்தா ரெண்டு கூடையில போடுங்க. வெள்ளை நூல் கட்டின கூடைக்கு மூச்சையா ஊதின டப்பா. சிவப்பு நூல் கூடைக்கு ஊதாத டப்பா. தினமும் தீவனத்துல ஒரே அளவு. ரூம் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“எதுக்கு இதெல்லாம்?”

“என் கண்ணு கெட்டிருந்தா ரெண்டு கூடையிலயும் சேவல் வரணும். நீங்கதானே கலந்து போட்டீங்க? ஒரு கூடை மட்டும் கூவுனா, கோளாறு கண்ணுல இல்ல, டப்பாவுல.”

முதலாளி யோசித்தார். அந்த ஊரில் பல மாதங்களாக யாரும் செய்யாத காரியம் அது. “சரிதான்” என்றார். மைதா விஷயத்தை மட்டும் அவள் அவரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஒரு கூடையில் கொண்டைகள் சிவந்தன. மூன்றாவது வாரம் அதே கூடையில் ஒரு குஞ்சு தீவனப் பெட்டியின் மேல் ஏறி நின்று, தொண்டை கட்டின பாகவதர் மாதிரி ஒரு கூவல் போட்டது. அறைக்கு வெளியே மூட்டை சுமந்துகொண்டிருந்த அவள் கணவன் பெருமையாகச் சொன்னான்: “கேட்டியா, மூச்சையா மகிமை. குஞ்சுக்கே வீரம்.”

“ஞாயித்துக்கிழமை நேர்லயே போய் அவருகிட்ட காட்டுவோங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எள் போட்டால் கீழே விழாது. போட்டிருந்தாலும் யாராவது ஊதச் சொல்லி நீட்டியிருப்பார்கள். முதலாளியும் பண்ணைக்காரரும் ஆளுக்கொரு கூடையோடு முன்னால் வந்தார்கள். டாக்டரம்மா ஓரமாக நின்றார். கோழிக்கும் அருள் பாலித்த செய்தி ஏற்கெனவே பரவியிருந்ததால் கூட்டம் வழிவிட்டது. நூல்களை அவள் அவிழ்த்துவிட்டிருந்தாள்.

அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குரல் குஞ்சுக் குரல் மாதிரிதான் வந்தது.

“ஐயா, ரெண்டுலயும் இருக்கிறது பொட்டைக் குஞ்சுங்க. ஒரு கூடைக்கு நீங்க ஊதினதைக் கொடுத்தோம். இன்னொண்ணுக்கு ஊதாததை. எது உங்க மூச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.”

மூச்சையா பார்த்தார். ஒரு கூடையில் மஞ்சள் பஞ்சுருண்டைகள் வளர்ந்து, வெளிறிய தலையோடு கீச்கீச்சென்றன. இன்னொன்றில் செக்கச்செவேல் கொண்டைகள், நிமிர்ந்த நெஞ்சுகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூவியது. இதற்கு ஏழு தலைமுறை ஞானமா வேண்டும்?

கொண்டைக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“இதுதான் என் மூச்சு. பார்த்துக்கோங்க ஜனங்களே. பொட்டையையும் சேவலாக்கும் மூச்சு. இது பொட்டைதான், கூவுது பாருங்க. என் மூச்சு படாத கூடை அதோ, பரிதாபமா நிக்குது.”

கொட்டகை இடிகிற மாதிரி கைதட்டல். அவள் கணவன்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “ஐயா தப்பா எடுத்துட்டாரு. ரூம் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நீங்க தூக்கி வெச்சிருக்கிறது ஊதாத டப்பா தின்ன கூடை.”

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

“ஊதினது அதுங்க,” என்று அவள் கீச்கீச் கூடையைக் காட்டினாள். “அதுல இருந்தது மைதா. நீங்கதான் சக்தி கொதிக்குதுன்னீங்க.”

மூச்சையா கூடையை மெல்ல இறக்கினார். ஆனால் தொழில் தெரிந்த மனிதர், அவ்வளவு சுலபமாக விழுந்துவிடுவாரா. “மூச்சுங்கிறது காத்தும்மா. காத்துக்கு வேலி உண்டா? நான் இங்க ஊதினது பக்கத்து டப்பாவுக்கும் போயிருக்கும்.”

“அப்படின்னா இவங்க எல்லாம் எதுக்குங்க வரிசையில நிக்கணும்? வீட்டுல இருந்தாலே வந்து சேருமே. மைதாவை மட்டும் ஏன் தாண்டிப் போச்சு?”

வரிசையில் நின்றவர்கள் முதல் தடவையாகத் தங்கள் கால்வலியை உணர்ந்தார்கள்.

டாக்டரம்மா முன்னால் வந்து சோதனைக்கூடக் காகிதத்தைப் படித்தார். பால்பவுடர் இவ்வளவு, அரைத்த மாத்திரை இவ்வளவு. தசைக்குள் இருக்கும் மேசைகளைப் பற்றிச் சொன்னார். வீரம் வந்தது உண்மை, அது வந்த வழி வேறு என்றார். தூங்கிப்போகும் உள்ளூர் மேனேஜரைப் பற்றியும், அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கொட்டகையில் இருந்த அத்தனை தூண் மாதிரி ஆண்களும் ஒரே நேரத்தில் கையிலிருந்த டப்பாவைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த அமைதியில் மூச்சையா பின்வாசல் வழியாகக் கிளம்பினார். ஓடினார் என்று சொல்வதே சரி. காவலாளியும் டயர் கடைக்காரரும் சொந்தப் புஜத்தின் உதவியால் இரண்டாவது தெருவிலேயே பிடித்துவிட்டார்கள். ஏழு தலைமுறை மூச்சை வைத்திருந்தவருக்கு அப்போது நன்றாக மூச்சு வாங்கியதாம்.

கொட்டகையில் ஒரு மாப்பிள்ளை டாக்டரம்மாவின் காதருகே வந்து கேட்டான்: “அந்த மாத்திரை பேரு மட்டும் சொல்ல முடியுமாங்க?” அவர் பார்த்த பார்வையில் அவன் சட்டைக் கை மறுபடியும் தொளதொளவென்று ஆகிவிட்டது.

பண்ணைக்காரர் அவள் முன்னால் வந்து நின்றார். “என் கோழிங்க இனிமே முட்டை போடுமாம்மா?”

“பொடியை நிறுத்துங்கண்ணே. கொண்டை சுருங்கும். அதுங்க பொட்டைதான், ஆரம்பத்துலருந்தே.”

முதலாளி பெட்டிச் சீட்டை நீட்டினார். திங்கட்கிழமை ஆறாயிரம் குஞ்சு, பிரிப்பவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது கணவன் அந்தப் பலகைக்குக் கீழே நின்று தன்னுடைய ‘பின்பு’ படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமா?” என்றான், ரொம்ப நாளைக்கப்புறம் மெல்லிய குரலில். “என்னை அந்தச் சீட்டு, மேசை எல்லாம் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீயும் வா.”

“வரேங்க.”

இதோடு கதை முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஊரில் எத்தனையோ பேர் அந்தப் பொடியைத் தின்றார்கள். படித்தவர்கள் தின்றார்கள், படிக்காதவர்கள் தின்றார்கள். பலித்ததைப் பார்த்தார்கள், எதனால் பலித்தது என்று பார்க்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னது இருபது குஞ்சுகள். அவற்றுக்குப் பெரிய மூளை ஒன்றும் இல்லை. எந்த டப்பாவை ஊதினார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, அதுதான் தொல்லை. அடுத்த முறை யாராவது ஊத வந்தால், ஒரு டப்பாவை ஊதாமல் எடுத்து வையுங்கள். குஞ்சளவு யோசித்தாலே போதும்.